காலியாக வரும்போது மட்டும் ஆடிய பிக்கப்

ஆத்தங்குடி டைல்ஸ் ஏற்றிக்கொண்டு போகும்போது என் பிக்கப் எந்தக் குறையும் இல்லாமல் நேராகப் போகும். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான் பிரச்சினை. திருமயம் – காரைக்குடி சாலையில் மீட்டர் 60ஐத் தொட்டு, ஏதாவது ஒரு பாலத்தின் இணைப்பில் முன்சக்கரம் தட்டினால் போதும், ஸ்டீயரிங் இடமும் வலமுமாகக் கையை உதறித் தள்ளும். டாஷ்போர்டு, கண்ணாடி எல்லாம் சேர்ந்து நடுங்கும். 30க்குக் கீழே வந்தால்தான் அடங்கும்.

அந்த நேரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. மூக்கு தாழ்ந்து ஆட்டம் இன்னும் கூடும். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, கட்டைவிரலை ஸ்டீயரிங்கின் உள்பக்கம் கொடுக்காமல் உறுதியாகப் பிடித்து, வேகம் தானாக இறங்க விட வேண்டும். காரணம் கண்டுபிடிப்பதெல்லாம் அப்புறம். முதலில் இது தெரிந்திருக்க வேண்டும்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய ஃபோர் வீல் பிக்கப். முன்னாலும் பட்டை ஸ்பிரிங்தான், இரண்டு முன்சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே இரும்பு அச்சு. நான் வாங்கும்போதே தூக்கிக் கட்டியிருந்தது. கண்மாய்க் கரையிலும் செம்மண் சேற்றிலும் ஓட்டுவதற்காக முந்தைய ஓனர் கூடுதல் பட்டை, நீளமான ஷேக்கிள் (பட்டையின் முனையைச் சேஸிஸோடு கோக்கும் தகடு), பெரிய டயர் எல்லாம் போட்டிருந்தார். பெரிய டயரில் இன்னொரு சங்கதியும் உண்டு. மீட்டர் 60 காட்டும்போது வண்டி அதைவிட வேகமாகவே போய்க்கொண்டிருக்கும்.

முதலில் போன இடத்தில் நான்கு சக்கரத்துக்கும் பேலன்சிங் செய்தார்கள். மாற்றமில்லை. அடுத்து ஒரு கடையில் புது ஸ்டீயரிங் டேம்பர் மாட்டிவிட்டு, "இனிமே ஆடாது" என்றார்கள். கொஞ்ச காலம் ஆடவும் இல்லை. பிறகு திரும்ப வந்தது, முன்னைவிட மோசமாக. டேம்பர் என்பது அதிர்வை உள்வாங்கும் பொருள், அவ்வளவுதான். தேய்ந்து லூசான இணைப்பை அது சரி செய்யாது, மறைத்து வைக்கும். மறைந்திருக்கும் காலத்தில் தேய்மானம் வளர்ந்துகொண்டே போகும். வாப்ளிங் (இந்த உதறலுக்குப் பெயர் அதுதான்) என்று வருகிறவர்களுக்கு எதையும் சோதிக்காமல் டேம்பரை மாட்டி அனுப்புவது எனக்குக் கொஞ்சமும் ஒப்புதல் இல்லாத வேலை.

காரைக்குடியில் லாரிகளுக்கு ஸ்பிரிங் வேலை செய்யும் ஒரு பட்டறைக்கு அப்புறம் போனேன். அங்கிருந்த அண்ணன் வண்டியைத் தொடவே இல்லை, கேள்வியாகக் கேட்டார். "தட்டினாத்தான் ஆடுதா, தட்டாமலேயும் ஆடுதா?" தட்டினால்தான் என்றேன். "லோடோட ஆடுதா?" இல்லண்ணே, காலியா வரும்போதுதான். "அப்ப இது டயர் வேலை இல்ல தம்பி. சாய்வு போயிருக்கு. அதோட எங்கயோ லூசும் இருக்கு."

பேலன்ஸ் கோளாறு வேறு மாதிரி இருக்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மேடு பள்ளம் எதுவும் இல்லாமலே அதிர்வு வரும், அந்த வேகத்தைத் தாண்டினால் பெரும்பாலும் குறைந்துவிடும். ஒரு தட்டில் கிளம்பி, வேகம் குறையும் வரை தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் ஆட்டம் என்றால் முன் அச்சிலும் ஸ்டீயரிங் இணைப்பிலும்தான் தேட வேண்டும்.

முதலில் லூசைத் தேடினோம். வண்டி தரையில், எடை முழுக்கச் சக்கரத்தின் மேல். பட்டறைப் பையன் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சின்னச் சின்னதாக அசைக்க, அண்ணன் கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பின் மேலும் கையை வைத்துப் பார்த்தார். என் கையையும் வைக்கச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத பிளே விரலுக்குத் தெரிகிறது. ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியான டிராக் லிங்க்கின் பாக்ஸ் பக்க முனையில் 'டக்' என்று ஒரு அடி. பாக்ஸிலிருந்து நீளும் கையான பிட்மேன் ஆர்ம் அசைந்து கொஞ்சம் கழித்துத்தான் லிங்க் அசைந்தது. இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டை ராடின் முனைகள் நன்றாக இருந்தன.

பிறகு ஜாக்கி போட்டு அச்சைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உலுக்கினோம். இடது பக்கம் ஆட்டம் இருந்தது. வீல் பேரிங்கா, சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்கான முளையான கிங் பின்னா? பையனைப் பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி உலுக்கினார். பிரேக் மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் கிங் பின். எங்களுக்கு மறையவில்லை. காசு செலவில்லாத இந்தச் சோதனையை முன்னே பார்த்த எந்தக் கடையிலும் யாரும் செய்யவில்லை.

டிராக் லிங்க் முனையும் கிங் பின் பேரிங்கும் மாற்றினோம். "இதோட ஓட்டிப் பாரு, வேற எதையும் தொடாதே" என்று அனுப்பினார். நாலு வேலையைச் சேர்த்துச் செய்தால் எது குணமாக்கியது என்றே தெரியாமல் போகும். காலி வண்டியில் அதே பாலம், அதே வேகம். பழைய உதறல் இல்லை. ஆனால் ஸ்டீயரிங் இரண்டு மூன்று முறை நடுங்கிவிட்டுத்தான் நின்றது, நேர்ரோட்டிலும் வண்டி அலைபாய்ந்தது. லூசு போய்விட்டது, சாய்வுதான் பாக்கி.

சாய்வு என்று அவர் சொன்னது கேஸ்டர் கோணத்தை. சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னால் சாய்ந்திருப்பது கையை விட்டாலும் நேராகப் போக உதவுகிறது இல்லையா, அதே வேலையைக் கிங் பின்னின் பின்சாய்வு இங்கே செய்கிறது. இந்த வண்டிக்கு 3 டிகிரி இருக்க வேண்டும். சமதளமான சிமென்ட் தரையில் நிறுத்தி அளந்தபோது அரை டிகிரிக்குச் சற்று மேலே இருந்தது.

மீதி எங்கே போனது? ஷேக்கிளில். இந்த வண்டியில் முன் பட்டையின் ஷேக்கிள் முன்முனையில் இருக்கிறது. 2 அங்குலம் கூடுதல் நீளமுள்ள ஷேக்கிள் போட்டால் அச்சு இருக்கும் இடத்தில் வண்டி உயர்வது 1 அங்குலம்தான். ஆனால் பட்டையின் முன்முனை 2 அங்குலம் கீழே இறங்கிவிடுகிறது. 4 அடி நீளப் பட்டைக்கு அது ஏறத்தாழ 2.4 டிகிரி முன்சாய்வு. 3இல் அதைக் கழித்துப் பாருங்கள். ஷேக்கிள் பின்முனையில் இருக்கும் வண்டியில் கணக்கு தலைகீழ், சாய்வு கூடும்.

லோடு ஏற்றினால் ஏன் ஆடவில்லை என்பதும் இதில்தான் அடங்கியிருந்தது. டைல்ஸ் எடையில் பின்பக்கம் 3 அங்குலம் அமுங்கினால், 120 அங்குல வீல்பேஸில் வண்டி முழுவதும் கிட்டத்தட்ட ஒன்றரை டிகிரி பின்னால் சாய்கிறது. இழந்த கேஸ்டரில் பாதிக்கு மேல் சரக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறது.

பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் ஆப்புத்தகடு வைத்தும் கேஸ்டரை மீட்கலாம். ஆனால் அச்சு பின்னால் திரும்பும்போது டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே தாழும், முன் அச்சுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கெடும். எனக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. தவிர, எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) போக வேண்டிய சரக்கு வண்டி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. நான் ஓடுவது தார்ச்சாலையில், எனக்கு எதற்கு அந்த உயரம்? ஒரிஜினல் அளவு ஷேக்கிள் போட்டு, கூடுதல் பட்டைகளைக் கழற்றி, டயரையும் பழைய சைஸுக்கே கொண்டுவந்தோம். ஸ்டீயரிங் பாக்ஸ் தாழ்ந்து வந்ததால் டிராக் லிங்க்கும் படுத்துக்கொண்டது. அது ரொம்பச் சரிந்து நின்றதால்தான் ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் தானாகத் திரும்பி ஆட்டத்துக்கு முதல் அடி எடுத்துக் கொடுத்திருக்கிறது.

டோ அளவை, அதாவது இரண்டு முன்சக்கரத்துக்கும் நடுவே முன்பக்க இடைவெளிக்கும் பின்பக்க இடைவெளிக்கும் உள்ள வித்தியாசத்தை, கடைசியாகத்தான் வைத்தோம். உயரமும் சாய்வும் மாறினால் அதுவும் மாறும் என்பதால் முதலில் செய்தால் வீண். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு டேப்பால் அளந்து, முன்பக்கம் 3 மில்லிமீட்டர் குறைவாக வைத்தார் அண்ணன்.

பிறகு டேம்பரைக் கழற்றச் சொன்னார். அது இல்லாமலே காலி வண்டி ஒழுங்காகப் போக வேண்டும், போனால்தான் வேலை முடிந்தது என்று ஒத்துக்கொள்வாராம். பாலத்து இணைப்பில் ஒரு தட்டு தட்டியது, ஸ்டீயரிங் அசையவில்லை. திரும்பி வந்து டேம்பரை மாட்டினோம். இனி நானூறு ஐநூறு கிலோமீட்டர் ஓடியதும் பட்டையை அச்சோடு கட்டும் யூ போல்ட்டுகளை இன்னொரு முறை டைட் வைக்க வேண்டும். பட்டை கழற்றி மாட்டிய வண்டியில் அவை கொஞ்சம் இளகக்கூடும்.