தண்ணீர் பாசிட்டிவ் ஆன கதை

மரக்காணம் பக்கம் இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் நிறைய. குஞ்சுகளைக் குளத்தில் விடும் முன் வெள்ளைப் புள்ளி நோய் வைரஸ் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் ஒரு சின்ன ஆய்வகத்தில்தான் என் முதல் வேலை. வருடக்கணக்காகச் சாதாரண பிசிஆர் ஓட்டி, அதாவது வைரஸ் டிஎன்ஏயின் ஒரு துண்டைப் பல மடங்கு பெருக்கி, அதை ஜெல்லில் ஏற்றிப் பட்டை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த இடம். நான் சேர்ந்து மூன்று மாதத்தில், துண்டு பெருகும்போதே அளந்து காட்டும் ரியல்-டைம் பிசிஆர் மெஷின் வந்து இறங்கியது.

பழைய பிசிஆர் மெஷினான தெர்மல் சைக்ளருக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான். குழாய்கள் உட்காரும் உலோகக் கட்டை, அதற்கடியில் பெல்டியர் தகடுகள். மின்னோட்டத்தின் திசையைத் திருப்பினால் சூடாக்கிய தகடே குளிர வைக்கும். 95 டிகிரியில் டிஎன்ஏ இழைகள் பிரியும். 60க்கு இறங்கியதும், பெருக்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் குட்டி இழையான பிரைமர் ஒட்டும், அங்கிருந்து நொதி புது இழை கட்டும். மூடி மட்டும் 105 டிகிரியிலேயே நிற்கும். இல்லாவிட்டால் 20 மைக்ரோலிட்டர் கலவை ஆவியாகி மேலே போய் ஒட்டிக்கொள்ளும். புதியதில் கூடுதலாக ஒரு விளக்கு, ஒரு கண். நொதி இழை கட்டிக்கொண்டே வரும்போது வழியில் ஒட்டியிருக்கும் புரோபை, அதாவது சாயம் கோத்த இன்னொரு குட்டி இழையை, வெட்டும்; வெட்டுப்பட்ட சாயம் ஒளிரும். அந்த ஒளி எந்தச் சுற்றில் வரம்பைத் தாண்டுகிறதோ அதுதான் சிடி. வைரஸ் பத்து மடங்கு குறைந்தால் சிடி 3.3 அளவுக்குக் கூடும்.

இரண்டாவது வாரம் என்டிசி ஏறியது. என்டிசி என்றால் மாதிரிக்குப் பதிலாக வெறும் தண்ணீர் விட்ட குழாய். 40 சுற்றும் கோடு தரையோடு படுத்துக் கிடக்க வேண்டும். அது 34இல் எழுந்து நின்றது. அன்றைக்கு வந்த மாதிரிகளும் 34, 35. வெளியே ஒரு பண்ணைக்காரர் ரிசல்ட்டுக்காக பைக்கிலேயே உட்கார்ந்திருக்கிறார். “தண்ணியே பாசிட்டிவ்னா எதை நம்பி எழுதிக் குடுக்குறது?” என்று சீனியர் அக்கா ரிப்போர்ட்டை நிறுத்திவிட்டார். பண்ணைக்காரருடைய மாதிரியை வேறு ஆய்வகத்துக்கு அனுப்பினோம்.

நான் முதலில் பழி போட்டது மெஷின்மேல். மூடியின்மேல் மார்க்கரால் எண் எழுதியிருந்தேன். அந்தக் கண் மேலிருந்துதான் பார்க்கிறது என்று அப்புறம்தான் உறைத்தது. எண் எழுதுவதை விட்டேன். அடியில் குமிழி நிற்காமல் சுழற்றி வைத்தேன். அப்படியும் ஏறியது. அக்கா என்டிசி குழாயை வேறு குழிக்கு மாற்றி வைக்கச் சொன்னார். கோடும் குழாயோடு கூடவே போனது. சரி, குற்றம் கட்டையில் இல்லை.

தண்ணீரை மாற்றினோம். பிரைமர், புரோப் புதிதாகக் கரைத்தோம். நொதியும் மற்றவையும் சேர்ந்த மாஸ்டர் மிக்ஸ் புதுப் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓட்டம், ஒரு ஓட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம். எட்டாவது நாள், யூஎன்ஜி நொதி சேர்ந்த விலை கூடிய கலவையும் வாங்கிப் பார்த்தாயிற்று. முந்தைய ஓட்டத்தின் மிச்சத்தை அழிக்கும் நொதி அது, ஆனால் அந்த மிச்சத்தில் தைமின் என்ற டிஎன்ஏ எழுத்துக்குப் பதிலாக யூராசில் இருந்தால்தான் அழிக்கும். எங்கள் பழைய ஜெல் காலத்துத் துண்டுகளில் இருப்பதெல்லாம் சாதாரண தைமின். அவை கம்மென்று தப்பித்துக்கொண்டன. காசு போனது.

தப்பிப்பது பழைய ஜெல் துண்டுகளாக இருக்கலாம் என்று கணக்குப் போட்டபோதுதான் அக்கா மேசையைத் திரும்பிப் பார்த்தார். ஜெல்லில் மாதிரி ஏற்றும் 10 மைக்ரோலிட்டர் பிப்பெட்டும் (திரவத்தை அளந்து உறிஞ்சி விடும் கருவி) மாஸ்டர் மிக்ஸில் பிரைமர் விடும் பிப்பெட்டும் ஒன்றேதான். பிசிஆர் முடிந்த குழாயைத் திறந்தாலே கண்ணுக்குத் தெரியாத திவலை பறக்கும். அதில் கோடிக்கணக்கான பிரதிகள். போதாக்குறைக்கு, நாங்கள் ஜெல்லுக்காகப் பெருக்கிய துண்டுக்குள்ளேயே புதிய பிரைமர்கள் பிடிக்கும் இடமும் இருந்தது. ஜெல்லில் பட்டையாகத் தெரியாத தூசி அளவை ரியல்-டைம் கண்டுபிடித்துவிடுகிறது, அவ்வளவுதான். மெஷின் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது!

பத்து மடங்கு நீர்த்த பிளீச் போட்டு மேசை, ரேக், சென்ட்ரிஃபியூஜ் மூடி எல்லாம் துடைத்து, பத்து நிமிடம் ஊற விட்டு, பிறகு தண்ணீரால் துடைத்தோம். பிளீச் தங்கினால் உலோகம் அரித்துவிடும். ஸ்டோர் ரூமைக் காலி செய்து கலவை அறையாக்கினோம். புது பிப்பெட், திவலை உள்ளே ஏறாமல் தடுக்கும் ஃபில்டர் டிப், தனி கோட். ஓடி முடிந்த குழாயை இனித் திறப்பதில்லை, மூடியபடியே பையில் கட்டிக் குப்பைக்கு.

பதினோராம் நாள் மூன்று என்டிசி வைத்தேன். 38ஆவது சுற்று வரை திரையைவிட்டு நகரவில்லை. மூன்றும் தரையோடு கிடந்தன. பழைய பிப்பெட் சிவப்பு டேப் சுற்றி ஜெல் அறையிலேயே இருக்கிறது. கலவை அறைக்கு யாராவது அதை எடுத்து வந்தால் அக்காவின் குரல் கேட் வரை கேட்கும்.