தட்டின் ஓரத்தில் பச்சைக் கோடு

ஜாம்பியாவின் தாமிர வட்டாரத்தில் புதிதாக எழும்பிய ஒரு செறிவாலையை இயக்கிவைக்கும் குழுவில் நான் சில மாதங்கள் பணியாற்றினேன். தாதுவைப் பொடியாக அரைத்து, தாமிரக் கனிமத் துகள்களைக் காற்றுக் குமிழிகளில் ஒட்டவைத்து நுரையோடு மேலே கொண்டுவரும் நுரை மிதப்பு முறையில் அவற்றைப் பிரித்தெடுக்கும் ஆலை அது. முதலில் வாரக்கணக்கில் வெறும் தண்ணீரை ஓடவிட்டுக் குழாய்களையும் பம்புகளையும் சோதித்தோம். அதன் பிறகே அரைவை மில்லுக்குள் எஃகுக் குண்டுகளும் தாதுவும் சென்றன.

சனிக்கிழமை மாலைகளில் பணியாளர் குடியிருப்பின் முற்றத்தில் எல்லோரும் கூடுவோம். முஃபுலிரா, சிங்கோலா ஆகிய ஊர்களின் பழைய ஆலைகளில் இயந்திரங்களை இயக்கித் தலை நரைத்த இயக்குநர்களும், தென்னாப்பிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த பொறியாளர்களும் ஒரே அடுப்பைச் சுற்றி அமர்ந்திருப்போம். மக்காச்சோள மாவில் கிண்டிய நிஷிமாவைக் கையால் உருட்டிக் கபெண்டா மீன் குழம்பில் தொட்டுச் சாப்பிடும்போது, கேழ்வரகுக் களியும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் என் நினைவுக்கு வரும். பெம்பா மொழியில் பெரியவர்களின் பெயருக்கு முன்னால் 'பா' என்னும் பன்மை முன்னொட்டைச் சேர்த்து மரியாதையாக அழைப்பதையும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். நாம் ஒருவரையே 'அவர்கள்' என்று சொல்வதைப் போன்றதுதான் அது.

தாது ஓடத் தொடங்கிய இரண்டாம் வாரத்தில், கழிவுக் குழம்போடு எதிர்பார்த்ததைவிட அதிகமான தாமிரம் வெளியேறுவதை ஆய்வகம் காட்டியது. கனிமத் துகள்களைப் பற்றிக் குமிழிகளில் ஒட்டவைக்கும் வேதிப்பொருளான சாந்தேட்டின் அளவைக் கூட்டினோம், நுரையை உண்டாக்கும் நுரைப்பானை மாற்றினோம், மில்லின் அரைவையை நுணுக்கிப் பார்த்தோம், எதற்கும் பலனில்லை. அந்தச் சனிக்கிழமை, மிதப்புப் பிரிவின் மூத்த இயக்குநர் ஒருவர் கழிவுக் குழம்பை ஒரு புட்டியில் கொண்டுவந்திருந்தார். அதில் சிறிதளவைப் பழைய எனாமல் தட்டில் ஊற்றி, தண்ணீர் விட்டு, நம் வீடுகளில் அரிசியில் கல் அரிப்பதைப் போல மெல்ல ஆட்டினார். வெண்மணல் ஒதுங்கியதும், தட்டின் ஓரத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு பச்சைக் கோடு நின்றது.

அது மாலகைட் என்னும் பச்சைத் தாமிரக் கனிமம். காப்பர் பைரைட் போன்ற கந்தகக் கனிமங்களைச் சாந்தேட் நன்றாகப் பற்றிக்கொள்ளும். சுரங்கத்தின் மேல் அடுக்குகளில் காற்றும் மழைநீரும் பட்டு மாறிய மாலகைட்டை அந்த அளவுக்குப் பற்றாது. சோடியம் ஹைட்ரோசல்பைடைச் சேர்த்து, துகள்களின் மேல் மெல்லிய கந்தகப் படலத்தை உண்டாக்கிய பிறகே அவற்றை மிதக்கவைக்க முடியும். மேல் அடுக்குத் தாதுவை எங்களுக்கு அனுப்புகிறார்கள் என்பதை அவர் மூன்று நாள்களுக்கு முன்பே ஷிஃப்ட் பதிவேட்டில் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தின் கீழே கையெழுத்திட்டவன் நான், ஆனால் வாசிக்கவில்லை. அன்றிரவு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

சோடியம் ஹைட்ரோசல்பைடைச் சேர்ப்பதில் ஆபத்து உண்டு. குழம்பின் காரத்தன்மை குறைந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளிவரும். செறிவு கூடிய இடத்தில் அது மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடுவதால், நாற்றத்தை நம்பி யாரும் தப்ப முடியாது. எனவே காரத்தன்மையைக் குறையாமல் காக்கும் சுண்ணாம்புப்பால் தடையின்றி ஓடுவதையும் வாயு எச்சரிக்கைக் கருவிகள் வேலை செய்வதையும் உறுதிசெய்துகொண்டு, திங்கட்கிழமை காலையில்தான் முதல் சொட்டை விட்டோம். மதியத்திற்குள் நுரையின் நிறம் அடர்ந்தது.

கழிவை ஏன் இவ்வளவு கூர்ந்து பார்க்கிறீர்கள் என்று பிறகொரு சனிக்கிழமை அவரிடம் கேட்டேன். அவர் முஃபுலிராவில் பிறந்து வளர்ந்தவர். 1970 செப்டம்பர் 25 அன்று, அங்கே தேங்கியிருந்த ஆலைக் கழிவுச் சேறு சுரங்கத்துக்குள் பாய்ந்து 89 பேரைக் கொன்றது. அந்த ஊர்ப் பிள்ளைகள் கழிவு என்ற சொல்லை அலட்சியமாகச் சொல்ல மாட்டார்கள் என்றார். அடுப்பைச் சுற்றியிருந்த யாரும் வெகுநேரம் பேசவில்லை.

அதற்குப் பின் அந்த எனாமல் தட்டு கட்டுப்பாட்டு அறையின் சன்னலோரத்தில் இடம்பிடித்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் கழிவை அரித்துப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். ஷிஃப்ட் மாறும்போது எழுதியவரும் நானும் சேர்ந்து நின்று, அந்தப் பக்கத்தை வாய்விட்டு வாசித்த பிறகே கையெழுத்திட்டோம்.