வனவிலங்கு அதிகாரி வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு: சட்டம் முதலில், காடு பிறகு

அமெரிக்க யூடியூப் காணொளிகளைப் பார்த்துவிட்டு "கேம் வார்டன்" ஆக வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகள் இங்கேயும் இருக்கிறார்கள். அங்கே அந்த வேலை மாநில அரசின் வேலை. இடுப்பில் துப்பாக்கி இருக்கும், போலிஸ் அதிகாரம் இருக்கும், வேட்டை உரிமத்தையும் மீன்பிடி உரிமத்தையும் சோதிப்பதுதான் அன்றாடம். சிங்கப்பூரில் வேட்டைக்காலம் என்று ஒன்றே கிடையாது, வேட்டை உரிமமும் கிடையாது. ஆனால் அதற்கு இணையான வேலை உண்டு. தேசியப் பூங்காக் கழகத்தில், எல்லாரும் சொல்கிற பெயரில் என்பார்க்ஸில், வனவிலங்கு நிர்வாகம், அமலாக்கம், இயற்கை வனப் பாதுகாப்பு என்று பல பிரிவுகளில் அது பிரிந்து கிடக்கிறது.

எந்தப் பிரிவு என்று தெரியாமல் விண்ணப்பிப்பதுதான் முதல் தவறு. 2019 ஏப்ரலில் ஏவிஏ என்ற பழைய வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் கலைக்கப்பட்டபோது உணவு சம்பந்தப்பட்டதெல்லாம் சிங்கப்பூர் உணவு அமைப்புக்குப் போனது. விலங்கும் தாவரமும் என்பார்க்ஸுக்கு வந்தன. செல்லப்பிராணிகள், கால்நடை நோய், ஏற்றுமதி இறக்குமதி, அழிந்துவரும் உயிரினங்களின் வணிகம் எல்லாம் அதன் கீழ் இயங்கும் ஏவிஎஸ் என்ற விலங்கு, கால்நடை மருத்துவச் சேவையின் பக்கம். குரங்கு, காட்டுப்பன்றி, நீர்நாய், மலைப்பாம்பு போன்ற காட்டு விலங்குகளின் புகார்களைப் பார்ப்பது வனவிலங்கு நிர்வாகப் பிரிவு. புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, சுங்கை பூலோ, லாப்ரடோர் ஆகிய நான்கு இயற்கை வனப்பகுதிகளில் ரோந்து போவது வேறு குழு. "எனக்கு விலங்குகள் பிடிக்கும்" என்று பொதுவாக எழுதினால் மூன்று பக்கமும் ஒட்டாது. எந்த வேலை, ஏன் அது என்று ஒரே வரியில் சொல்லத் தெரிய வேண்டும்.

படிப்பு விஷயம் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நிர்வாக அதிகாரி நிலைக்குப் பட்டப்படிப்பு கேட்பார்கள். உயிரியல், சுற்றுச்சூழல் அறிவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை இருக்கும். களப்பணி, தொழில்நுட்ப நிலைகளுக்கு டிப்ளோமா போதும். தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியின் கால்நடைத் தொழில்நுட்ப டிப்ளோமா, ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரியின் சுற்றுச்சூழல், கடல்சார் அறிவியல் டிப்ளோமா இரண்டும் நேராக இந்தத் துறைக்குப் பொருந்துபவை. கால்நடை மருத்துவர் ஆக வேண்டுமென்றால் வெளிநாடுதான், இங்கே கால்நடை மருத்துவப் பள்ளி இல்லை. உதவித்தொகையில் படித்தால், படித்து முடித்துக் கட்டாயம் வேலை செய்ய வேண்டிய பிணைக்காலம் உண்டு. கையெழுத்துப் போடும் முன் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து அதைப் படியுங்கள்.

என்பார்க்ஸ் ஓர் ஆணைபெற்ற கழகம், அதாவது சட்டப்படி அமைந்த அரசு அமைப்பு, என்பதால் ஒவ்வொரு பதவிக்கும் குடியுரிமை நிபந்தனை விளம்பரத்திலேயே இருக்கும். மூன்றாம் வகுப்பு வாகன உரிமம் வைத்திருங்கள். களப்பணிக்குக் கேட்காத விளம்பரம் அரிது. தானியங்கி உரிமம் மட்டும் வைத்திருந்தால் கைவிசை லாரியை எடுக்க முடியாது, எனவே செலவோடு செலவாகக் கைவிசையிலேயே தேர்ச்சி பெற்றுவிடுவது நல்லது. வார இறுதி, இரவு, பொது விடுமுறை வேலை உறுதி. தீபாவளி அன்று கூடப் பாம்பு வாய்க்காலுக்கு வரும்.

இனி விஷயத்தின் நடுப்பகுதி. இந்த வேலையில் ஆட்களைத் தேர்ந்தெடுப்பதும் கழித்துவிடுவதும் சட்ட அறிவுதான். வனவிலங்குச் சட்டம் 1965 என்ற பெயரில் இப்போது இருப்பது, 2020 ஜூன் முதல் தேதி வரை காட்டு விலங்குகள், பறவைகள் சட்டமாக இருந்தது. அந்தத் திருத்தத்தில்தான் விலங்குக்குத் தீனி போடுவதும், அனுமதியின்றி விலங்கை வெளியே விடுவதும் எங்கும் குற்றமாயின. தீனி போட்டால் முதல் முறை 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை, மறுபடி செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதம். பிடித்தால், கொன்றால் 10,000 வெள்ளி வரை, அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பாதுகாக்கப்பட்ட இனமாக இருந்தால் 50,000 வெள்ளி வரை, அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எண்களை மட்டும் மனப்பாடம் செய்து பயனில்லை. நாய், பூனை, வீட்டுக்கோழி போன்ற வளர்ப்பினங்கள் இந்தச் சட்டத்தில் "வனவிலங்கு" ஆகாது. ஆகவே வாய்டெக்கில், அதாவது அடுக்குமாடியின் திறந்த கீழ்த்தளத்தில், பூனைக்குச் சோறு வைக்கும் அம்மாவிடம் இந்தச் சட்டத்தைக் காட்டினால் அதிகாரிக்குத்தான் அவமானம். புறாவுக்கு அரிசி தூவினால் அது குற்றம்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. அமாவாசையன்று, திதியன்று காகத்துக்குச் சோறு வைப்பது நம் வீட்டு வழக்கம். காகம் வனவிலங்கு, அதற்கு வைப்பது தீனி. லிட்டில் இந்தியாவில் புறாக்களுக்குத் தானியம் தூவும் பெரியவரும் இதே வரிசையில்தான் வருவார். இங்கே தமிழ் தெரிந்த அதிகாரிக்குப் பெரிய வேலை இருக்கிறது. "ஐயா, புண்ணியம்னு நினைச்சுத்தான் போடறீங்க. ஆனா தீனி கிடைச்சா கூட்டம் பெருகும், எச்சம் பெருகும், அப்புறம் கூண்டு வெச்சுப் பிடிக்க வேண்டி வரும்" என்று நிதானமாகச் சொல்லத் தெரிந்தவர் முன்னால் பாதி வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும். நேர்காணலில் மொழித்திறன் பற்றிக் கேட்டால் தமிழைச் சாதாரணமாக ஒதுக்கிவிடாதீர்கள். தமிழோடு கொஞ்சம் மலாயும் தெரிந்தால் இன்னும் விசேஷம், ஏனென்றால் பறவை வளர்ப்பவர்களின் உலகத்தில் பெயர்களே மலாயில்தான்: மாத்தா பூத்தே, ஜம்புல், மெர்போக்.

வெசாக் நாளை ஒட்டியும் இதே கதைதான். கருணையோடு ஆமையையும் மீனையும் பறவையையும் விட்டுவிடுகிறார்கள். கூண்டில் வளர்ந்தது இரை தேடத் தெரியாமல் சாகும், அல்லது சாகாமல் பெருகி இங்குள்ள இனத்தை நெருக்கும். அந்த நாட்களில் "விலங்குகளை விடாதீர்" நடவடிக்கையில் என்பார்க்ஸ் ஆட்களோடு தொண்டூழியர்களும் பூங்கா, நீர்த்தேக்கம் என நிற்கிறார்கள். வேலைக்கு வருமுன் இதில் ஒரு முறையாவது நின்று பார்த்தால் மக்களிடம் எப்படிப் பேசுவது என்பது புரியும்.

பாட்டுப் பறவைத் திருட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், ஏனென்றால் இங்கேதான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். புதர் ஓரத்தில் ஓர் ஆள். பக்கத்தில் துணி மூடிய கூண்டு, உள்ளே மற்றப் பறவைகளைக் குரலால் இழுக்கும் அழைப்புப் பறவை. கொஞ்சம் தள்ளி இரண்டு கம்புகளுக்கு நடுவே மெல்லிய வலை, பத்தடியில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. வலையின் மடிப்புகளில் பறவை சிக்கித் துடிக்கிறது. பார்த்ததும் கத்தரியை எடுத்து வெட்டி விடத்தான் கை போகும். அப்படிச் செய்தால் வழக்குப் போய்விட்டது. முதலில் வலை நின்ற நிலையிலேயே படம், பிறகு அளவுகோல் வைத்து நெருக்கப் படம், நேரம், இட எண், ஆளுக்கும் வலைக்கும் உள்ள தூரம். அதன் பிறகுதான் பறவை. வலைக்குள் அது எந்தப் பக்கமாக நுழைந்ததோ அந்தப் பக்கமாகவே எடுக்க வேண்டும். பெரும்பாலும் முதலில் கால், பிறகு இறகு, கடைசியில் தலை. அவசரப்பட்டு இழுத்தால் கால் முறியும். காற்றோட்டமுள்ள துணிப்பையில் வைத்து நிழலில் வையுங்கள், காரின் பின்பெட்டியில் வேண்டாம். பசை தடவிய குச்சி என்றால் இறகைப் பிய்க்காமல் குச்சியோடு கொண்டுபோய் மருத்துவரிடம் விடுவதே மேல்.

அடுத்தது எழுத்து வேலை. ஒரு பொருள் கைப்பற்றப்பட்டது முதல் நீதிமன்றம் போகும் வரை யார் கையில் எந்த நேரத்தில் இருந்தது என்ற பதிவில் ஓர் இடைவெளி விழுந்தால் எதிர்த்தரப்பு வழக்குரைஞர் அதில் விரலை விட்டு ஆட்டுவார். முத்திரை எண்ணைப் பைக்கு மேலும் குறிப்பேட்டிலும் எழுதுங்கள், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பாருங்கள். வாக்குமூலம் வாங்கும்போது அவர் புரிந்துகொள்ளும் மொழியில் வாசித்துக்காட்டி, திருத்தம் கேட்டு, கையெழுத்து வாங்க வேண்டும். ஆங்கிலத்தில் தட்டெழுதிவிட்டு "ஓகேவா அங்கிள், சைன் பண்ணுங்க" என்பது வேலைக்கு உலை வைக்கும். தேசிய சேவையைப் போலிஸ் படையில் செய்தவர்களுக்கு இது கொஞ்சம் கைவந்த கலை. மற்றவர்கள் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் விசாரணைப் பகுதியை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

பறவைகளின் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தில் சிங்கப்பூர் 1986 இல் சேர்ந்தது. 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த மாநாட்டில் வைக்கோல் தலைப் புல்புல், அதாவது பாராவ்-பாராவ், மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள முதல் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது. ஷாமா என்ற பாட்டுப் பறவை முதன்முறையாக இரண்டாம் பட்டியலில் ஏறியது. பழைய கையேட்டை வைத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போகும் பிள்ளை இதில் மாட்டிக்கொள்ளும். அந்தப் பாராவ்-பாராவ் அண்டை நாடுகளில் கூண்டுக்காகவே ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்டது. இன்று அதன் குரல் நம் புலாவ் உபின் தீவில் தாராளமாகக் கேட்பது நம் ஊருக்கு ஒரு பெருமை, திருடர்களுக்கு ஒரு தூண்டுதல்.

இன்னொரு வழி துறைமுகமும் விமான நிலையமும். 2019 ஜூலையில் காங்கோவிலிருந்து வியட்னாம் போய்க்கொண்டிருந்த கொள்கலனில் 8.8 டன் யானைத் தந்தமும் 11.9 டன் அழுங்குச் செதிலும், அதாவது எறும்புதின்னிச் செதிலும், பிடிபட்டன. அதற்குச் சில மாதங்களுக்கு முன், ஏப்ரலில், இரண்டு சரக்குகளில் 25 டன்னுக்கும் மேல் அழுங்குச் செதில். 2022 அக்டோபரில் சாங்கி விமான நிலையத்தில், லாவோஸுக்குப் போகவிருந்த பயணியின் பெட்டியில் 34.7 கிலோ காண்டாமிருகக் கொம்பு. அதைக் கண்டுபிடித்ததில் என்பார்க்ஸின் மோப்ப நாய்ப் படைக்குப் பங்குண்டு. அந்த ஆளுக்கு 2024 ஜனவரியில் 24 மாதச் சிறை. இந்த வேலையில் காட்டு மண் காலில் ஒட்டாது. சரக்குப் பட்டியல் படிக்கவும், அனுப்பியவர் யார், வாங்குபவர் யார், ஏன் இந்தத் துறைமுகம் வழியாக என்று கேட்கவும் தெரிய வேண்டும். கணக்கியலும் தளவாடமும் படித்தவர்கள்கூட இங்கே எடுபடுவார்கள். பிடித்தது எந்த இனம் என்பதை உறுதிப்படுத்த 2021 இல் திறக்கப்பட்ட வனவிலங்குத் தடயவியல் நிலையம் இருக்கிறது. ஆய்வுக்கூட ஆர்வம் உள்ளவர்கள் அதையும் கண்ணில் வைக்கலாம். உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச் சாவடிகளில் காரின் இருக்கைக்கு அடியிலும் கதவுக்குள்ளும் உயிருள்ள பறவைகளைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் குடிநுழைவு அதிகாரிகள். அவர்கள் ஒப்படைத்த பிறகுதான் என்பார்க்ஸின் விசாரணை தொடங்கும். அந்த வேலைதான் பிடிக்கிறது என்றால் நேராகக் குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்தில் சேருவதே நேர்வழி.

பாம்பு பிடிப்பது, குரங்கு விரட்டுவது எல்லாம் எங்கே என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் அதில் பெரும்பகுதி ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள் கையில். அதிகாரியின் பங்கு முடிவெடுப்பது: பிடிக்க வேண்டுமா, விட்டுவிடலாமா, பிடித்தால் எங்கே கொண்டுபோவது. வாய்க்காலில் கிடக்கும் மலைப்பாம்பை அதன் பாட்டுக்கு விட்டுவிடுவதே பல நேரம் சரி. பிடிக்க வேண்டி வந்தால் கொக்கி, பை, இரண்டு ஆள். மலைப்பாம்பு கடித்துவிட்டால் கையைப் பிடுங்காதீர்கள், பற்கள் உள்நோக்கி வளைந்தவை, இழுக்க இழுக்கக் கிழியும். மயக்க ஊசி கால்நடை மருத்துவரின் பொறுப்பு. எடையைக் குத்துமதிப்பாகச் சொன்னால் விலங்கு விழாது, அல்லது எழாது.

விண்ணப்பத்துக்கு முன் ஓராண்டு கையில் இருந்தால் இப்படிச் செலவிடலாம். என்பார்க்ஸின் தொண்டூழியக் கணக்கெடுப்புகளில், கொக்கு, வண்ணத்துப்பூச்சி, தும்பி, பூங்காப் பறவைகள் என்று எதில் விருப்பமோ அதில் பெயரைக் கொடுங்கள். செக் ஜாவா, சுங்கை பூலோ வழிகாட்டிப் பயிற்சி கிடைத்தால் இன்னும் நல்லது, பொதுமக்களிடம் பேசிப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. ஏக்கர்ஸ் போன்ற மீட்புக் குழுவில் தொண்டு செய்தால் காயம்பட்ட விலங்கின் நாற்றமும் நள்ளிரவுத் தொலைபேசியும் உங்களுக்கு ஒத்துவருமா என்பது விரைவிலேயே தெரிந்துவிடும். உள்ளூர்ப் பறவைகளில் ஒரு நூறையாவது குரலோடு சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். பார்த்த உயிரினங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் உங்கள் பதிவுகளை ஒழுங்காக வைத்திருந்தால் நேர்காணலில் அதையே காட்டலாம். சான்றிதழ் அடுக்குவதைவிட அது பேசும்.

நேர்காணலில் ஒரு சூழ்நிலையைக் கொடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டால் இப்படித் தயாராகுங்கள்: கூட்டுரிமை வீட்டுக் குளத்தில் நீர்நாய்கள் கோய் மீனைத் தின்றுவிட்டன, உரிமையாளர் கொதிக்கிறார், பக்கத்து வீட்டார் நீர்நாயைப் படம் எடுத்து மகிழ்கிறார், குடியிருப்பு நிர்வாகம் பொறி கேட்கிறது. உடனே பொறி வைக்கச் சம்மதிப்பவர் ஒரு தவறு செய்கிறார். "சட்டம் பாதுகாக்கிறது" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டுபவர் இன்னொரு தவறு. எந்த வழியாக உள்ளே வந்தன என்று வேலியையும் வாய்க்காலையும் போய்ப் பார்த்து, கம்பி இடைவெளியை அளந்து, குளத்துக்கு மேல் வலையோ இரவில் மூடியோ போடச் சொல்லி, ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்து பார்ப்பதாகத் தேதி கொடுப்பவரைத்தான் அந்த மேசையில் தேடுகிறார்கள்.