முதலில் டயாட்டம், பிறகு ஆமை

கடல் பாடம் என்றாலே பிள்ளைகள் முகத்தில் ஒரு சோகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. “கடலைக் காப்போம்” என்று எத்தனையோ சுவரொட்டிகள் வரைந்திருக்கிறார்கள். 2015-இல் கோஸ்டாரிகா பக்கத்துக் கடலில் ஓர் ஆமையின் மூக்கிலிருந்து உறிஞ்சுகுழலைப் பிடுங்கி எடுத்த காணொளியை வகுப்பில் பாதிப் பேராவது பார்த்திருப்பார்கள். அந்த ஆமை எதைத் தின்னும், எங்கே முட்டையிடும் என்று கேட்டால் பதில் வராது. துன்பப்படும் ஆமையைத்தான் அவர்களுக்குத் தெரியும். பிழைத்துத் திரியும் ஆமையை யாரும் அறிமுகம் செய்து வைக்கவில்லை.

அதனால் என் வகுப்பில் கடல், டயாட்டம் என்னும் ஒற்றைச் செல் நுண்பாசியில் தொடங்கும். கடல்நீர்த் துளி ஒன்றை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, வரிசையாக வந்து பார்க்கச் சொல்வேன். வட்டமாக, படகு வடிவில், ஊசி போல என்று விதவிதமாகக் கிடக்கும். “மிஸ், கண்ணாடி மாதிரி மின்னுதே!” என்று யாராவது சொல்லாமல் இருந்ததில்லை. கண்ணாடிக்கு நெருங்கிய உறவுதான் அது. கடல்நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை எடுத்து டயாட்டம் தனக்கு ஓடு கட்டிக்கொள்கிறது. இத்தகைய நுண்பாசிகளும் ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாக்களும் சேர்ந்து, பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதியைச் செய்துவிடுகின்றன.

இந்த இடத்தில் மிகைப்படுத்தத் தோன்றும். “கடல் செத்தால் நாளைக்கே மூச்சு முட்டிவிடும்” என்று சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். நான் சொல்வதில்லை. கடலில் உண்டாகும் ஆக்சிஜனில் மிகப் பெரும்பகுதியைக் கடல் உயிர்களே சுவாசித்துத் தீர்த்துவிடுகின்றன. காற்றில் இருப்பது மிக நீண்ட காலமாகச் சேர்ந்த சேமிப்பு. நுண்பாசி இல்லாமல் போனால் முதலில் முறிவது உணவுச் சங்கிலி. பயமுறுத்தி நிமிர வைத்த பிள்ளை, உண்மையை வேறு இடத்தில் படிக்கும்போது மற்றதையும் சேர்த்துச் சந்தேகிக்கும். அந்த நம்பிக்கையை இழக்க நான் தயாராக இல்லை.

புரோக்ளோரோகாக்கஸ் பற்றிச் சொல்லும் நாள் எனக்குப் பிடித்தமானது. ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் ஒரு லட்சம் வரை இருக்கக்கூடிய பாக்டீரியா அது. ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் எண்ணிக்கையால் அதை மிஞ்ச பூமியில் வேறொன்று இல்லை. அப்படிப்பட்டதைக் கடல் ஆய்வாளர்கள் சாலி சிஷோமும் ராபர்ட் ஓல்சனும் அவர்களோடு பணியாற்றியவர்களும் 1980-களில்தான் கண்டறிந்தார்கள். “அதுவரைக்கும் எங்க மிஸ் இருந்துச்சு?” என்று ஒரு மாணவன் கேட்டான். நம் கண் முன்னால்தான் இருந்தது, பார்க்கும் கருவிதான் இல்லை என்றேன். நம் பள்ளி நுண்ணோக்கியில் தெரியுமா என்றான். சரியாகத் தெரியாது என்றதும் அவனுக்கு வந்த கோபம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சின்னதில் தொடங்கினால் பெரியவை தானாக வந்து பொருந்தும். கரும்பலகையில் கடல் நீர்நாய், உடம்பெங்கும் முள் கொண்ட சிறு கடல் உயிரான கடல் முள்ளெலி, கெல்ப் என்னும் ஆளுயரத்தைத் தாண்டி வளரும் கடற்பாசி மூன்றையும் எழுதி, எது எதைத் தின்னும் என்று அம்பு போடுவேன். பிறகு நீர்நாயை அழித்துவிட்டு, என்ன ஆகும் என்று கேட்பேன். “முள்ளெலி பெருகிடும்” என்று உடனே சொல்வார்கள், அதோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்து என்ன? கெல்ப் மேயப்பட்டு அழியும். அதற்கு அடுத்து? இங்கே கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். அந்தப் பாசிக் காட்டுக்குள் ஒளிந்து வளரும் மீன்குஞ்சுகளை யாராவது ஒருவர் நினைத்துப் பார்ப்பார். இன்னொருவர் அலையின் வேகத்தைத் தணிக்க இனி ஒன்றும் இருக்காதே என்பார். இது ஏட்டளவுக் கணக்கல்ல. ரோமத் தோலுக்காக வேட்டையாடி நீர்நாய்களை ஏறக்குறைய துடைத்தெறிந்திருந்தார்கள். 1911-இல்தான் ஓர் உடன்படிக்கை வந்து வேட்டையை நிறுத்தியது. பின்னாளில் அலாஸ்காவின் அலூசியன் தீவுகளில் நீர்நாய் மீண்ட இடத்தையும் மீளாத இடத்தையும் ஒப்பிட்டு, ஜேம்ஸ் எஸ்டெஸ், ஜான் பால்மிசானோ என்ற ஆய்வாளர்கள் 1974-இல் எழுதியது இதே அம்புகளைப் பற்றித்தான். அவர்கள் கண்டதைப் பிள்ளைகளே முதலில் ஊகித்துவிட்டு, பிறகு என்னிடமிருந்து கேட்க வேண்டும் என்பதால்தான் பெயர்களைக் கடைசிவரை சொல்லாமல் வைத்திருப்பேன்.

பவளப்பாறை பாடத்துக்கு அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். வெளிறிய பவளம் செத்துவிட்டது என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. தன் திசுவுக்குள் குடியிருந்து உணவு தயாரித்துத் தந்த பாசியை, வெப்பம் தாங்காமல் பவளம் வெளியேற்றிவிடுகிறது. நிறம் கொடுத்ததும் அந்தப் பாசிதான் என்பதால் வெள்ளை எலும்புக்கூடு தெரிகிறது. அந்த இடத்தின் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடுதலாக நான்கைந்து வாரம் நீடித்தாலே போதும். சீக்கிரம் தண்ணீர் குளிர்ந்தால் பாசி திரும்பும், பவளம் பிழைக்கும். அதாவது நம்மிடம் இன்னும் அவகாசம் இருக்கிறதா என்ற கேள்வி அந்த வெள்ளைக்குள் இருக்கிறது.

பிறகு, ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் பரவலாக வெளிறல் நிகழ்ந்த ஆண்டுகளைப் பலகையில் எழுதுவேன்: 1998, 2002, 2016, 2017, 2020, 2022, 2024, 2025. நான் ஒன்றும் சொல்லமாட்டேன். இடைவெளிகளை மட்டும் கணக்கிடச் சொல்வேன். வேகமாக வளரும் பவளங்களுக்கே முழுதாக மீளப் பத்தாண்டுபோல் வேண்டும் என்பது அவர்கள் குறிப்பேட்டில் ஏற்கெனவே இருக்கும். கழித்தல் கணக்கு முடிந்ததும் எழும் பேச்சு, நான் எத்தனை மணி நேரம் விளக்கினாலும் வராது.

மீன்பிடி பற்றி வரும்போது யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார், “மீனவங்களைத் தடுத்துட்டா சரியாயிடும்ல?” இந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள நியூஃபவுண்ட்லாந்தின் காட் மீன் கதையைச் சொல்வேன். நூற்றாண்டுகளாகக் குறையாமல் கிடைத்த மீன், பெரிய இழுவைக் கப்பல்கள் வந்த சில பத்தாண்டுகளில் சரிந்தது. கரையோரச் சிறு மீனவர்கள் 1980-களிலேயே மீன் குறைகிறது, சிறுத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அரசின் மதிப்பீடுகளோ மீன் ஏராளம் என்றன. 1992 ஜூலையில் கனடா அரசு தடை விதித்தபோது முப்பதாயிரம் பேர் அளவில் பிழைப்பை இழந்தார்கள். இரண்டு ஆண்டுக்கு என்று அறிவித்த அந்தத் தடை 2024 வரை நீண்டது. கடலை நாள்தோறும் பார்ப்பவர் சொல்வதும் தரவுதான் என்று நான் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்கிறேன். பாதுகாப்பு என்ற பெயரில் அவர்களையே முதல் குற்றவாளியாக நிறுத்தும் பாடத்தை என்னால் நடத்த முடியாது.

மெக்சிகோவின் காபோ புல்மோவை இதை ஒட்டியே சொல்வேன். மீன்பிடித்து வாழ்ந்த அந்த ஊர்க் குடும்பங்களின் முயற்சியில் 1995-இல் அது தேசியப் பூங்காவானது. 1999-க்கும் 2009-க்கும் இடையில் அங்கே மீன்களின் மொத்த எடை நான்கு மடங்குக்கு மேல் கூடியது. தென் அட்லாண்டிக்கின் மேற்கே சில நூறாகச் சுருங்கிப்போன கூன்முதுகுத் திமிங்கலங்கள், வேட்டை நின்ற பின் இருபதாயிரத்தைத் தாண்டியதையும் சேர்த்துக்கொள்வேன். இவற்றை ஆறுதலுக்காகச் சொல்வதில்லை. எதைச் செய்ததால் எது நடந்தது என்று இவற்றிலும் அம்பு போட வைக்கிறேன்.

ஆமைக் காணொளி பருவத்தின் கடைசியில்தான் வரும். அப்போது கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். போன முறை ஒரு மாணவி, “உறிஞ்சுகுழலை விட வலையிலதானே மிஸ் நிறைய ஆமை சாகும்? அது மூச்சு விட மேல வரணுமே” என்றாள். இறால் இழுவலையில் பொருத்தும் ஆமை விலக்குக் கருவியைப் படம் போட்டேன்: வலைக்குள் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம், இறால் கம்பிகளின் நடுவே நழுவிப் பின்னால் போய்ச் சேரும், ஆமை சட்டத்தில் மோதி மேலேயோ கீழேயோ இருக்கும் திறப்பு வழியே வெளியேறும். உடனே பின்வரிசையிலிருந்து, “அந்த ஓட்டை வழியா இறாலும் கொஞ்சம் போயிடுமே, அவங்களுக்கு நஷ்டமில்லையா?” என்று கேட்டார்கள். மீனவர்கள் எழுப்பிய கேள்வியும் அதுவேதான். சட்டத்தின் சாய்வுக் கோணம், கம்பி இடைவெளி, திறப்பின் மேல் மடிந்து மூடும் வலைத்துண்டு எல்லாம் அந்த நஷ்டத்தைக் குறைக்க வந்தவை. அடுத்த வகுப்புக்குப் பழைய கொசுவலையும் ஈர்க்குச்சிகளும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். கோணத்தை மாற்றி மாற்றி வைத்துத் தொட்டித் தண்ணீரில் இழுத்துப் பார்க்கப் போகிறோம்.