மூன்று வருட இரும்பும் ஒரு பழைய மேக்னெட்டிக் பீடும்

பிஎச்.டி. வைவா முடிந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் சாம்பல் நிறத்தில் ஒரு மேக்னெட்டிக் பீடைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. குடுவைக்குள் சுழன்று கரைசலைக் கலக்குமே, டெஃப்ளான் பூசிய சின்னக் காந்தத் துண்டு, அதுதான்.

கோர்ஸ் ஒர்க், தகுதித் தேர்வு எல்லாம் வழக்கம்போல் முடிந்தன. எடுத்துக்கொண்ட வேலை, பல்லேடியம் வினையூக்கியாக நின்று செய்கிற சுசுகி இணைப்பை (இரண்டு கரிமத் துண்டுகளைக் கார்பனோடு கார்பனாக ஒட்டும் வினை) இரும்பை வைத்துச் செய்வது. பூமியின் மேலோட்டில் எடைக்குச் சுமார் 5 சதவீதம் இரும்பு. பல்லேடியம் கோடியில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆராய்ச்சி முன்மொழிவில் எழுதுவதற்கு இதைவிட நல்ல வரி கிடையாது.

இரண்டாம் வருடக் கடைசியில் 87 சதவீதம் யீல்டு (கிடைக்க வேண்டிய விளைபொருளில் கைக்கு வந்த பங்கு) வந்தது. பேப்பர் எழுதி அனுப்பினோம். ஒரு ரிவியூவர் மட்டும் ஒரே வரி கேட்டிருந்தார்: இரும்பே போடாத பிளாங்கை (ஒப்பீட்டுச் சோதனையை) எத்தனை முறை செய்தீர்கள், எதில் செய்தீர்கள்?

ஒரே முறை செய்திருந்தேன். அன்றைக்குப் பார்த்துக் குடுவையும் புதிது, பீடும் புதிது. வினை நடக்கவில்லை; ஆக இரும்புதான் காரணம் என்று முடித்துவிட்டேன். இரும்பு போட்ட வினைகளெல்லாம் டிராயரில் கிடந்த பழைய பீடுகளில் நடந்தவை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. சரி, பழைய பீடிலும் ஒரு பிளாங்க் போட்டுவிடலாம் என்று போட்டேன். இரும்பு துளிகூட இல்லை. யீல்டு 79.

என் கைடு மேடம் திட்டவில்லை. "அந்த பீடைக் கொண்டுவா" என்றார். லென்ஸ் வைத்துப் பார்த்தோம். வெள்ளை டெஃப்ளான் மேல் நகம் கீறியது போல் கோடுகள், கோட்டுக்குள் கருப்புப் பொட்டுகள். எனக்கு முன்னால் அந்த டிராயரை வைத்திருந்த சீனியர் வருடக்கணக்காகப் பல்லேடியத்தில் வேலை செய்தவர். கீறலுக்குள் போன உலோகம் அசிட்டோனுக்கு அசையாது. தங்கத்தையே கரைக்கும் ராஜ திராவகத்தில் ஊறப்போட்டும் முழுசாகப் போகவில்லை.

உலோகம் எவ்வளவு என்று, மிக நுண்ணிய அளவையும் காட்டும் ஐசிபி-எம்எஸ் கருவியில் பார்த்தால்தான் எழுத முடியும். அந்தக் கருவி மையத்துக்கு நான்கு முறை நடந்தேன். முதல் முறை, கரைசலில் துகள் மிதக்கிறது, கருவிக்குள் விடமாட்டேன் என்றார் அங்கிருந்தவர். அவர் சொன்னது நியாயம்தான், வடிகட்டாதது என் தப்பு. இரண்டாம் முறை, எந்த அமிலம், எத்தனை சதவீதம் என்ற கட்டத்தை நிரப்பவில்லை என்று படிவத்தைத் திருப்பித் தள்ளினார். அங்கேயே எழுதித் தருகிறேன் என்றாலும் கேட்கவில்லை. கைடு கையெழுத்தோடு புதிதாகத்தான் வர வேண்டுமாம். மூன்றாம் முறை ஆளே விடுப்பு. நான்காம் முறை முடிவு வந்தது: எல்லா மாதிரியிலும் பல்லேடியம். வெறும் அமிலத்திலும்! மாதிரிகளைக் கரைக்க எங்கள் லேபின் பழைய பீக்கரையே எடுத்திருக்கிறேன்.

இந்தச் சோதனையைச் செய்யப் போகிறவர்கள் கரைப்பதற்கும் புதுப் பிளாஸ்டிக் குழாயையே எடுங்கள், வெறும் அமிலத்தையும் ஒரு மாதிரியாகக் கொடுங்கள். உங்கள் கலவையில் செம்பு இருந்தால் இன்னொரு வம்பும் உண்டு. கருவி எடையை வைத்துத்தான் அணுவை அடையாளம் காணும். செம்பு 65, கருவியின் ஆர்கான் 40, இரண்டும் ஒட்டிக்கொண்டால் 105. பல்லேடியத்தின் ஒரு ஐசோடோப்புக்கும் (எடை வேறுபடும் அணு வகை) அதே எண். ஒன்றை மட்டும் நம்பாமல் மற்ற ஐசோடோப்புகளையும் கேட்டு வாங்குங்கள்.

இந்தப் பள்ளத்தில் விழுந்த முதல் ஆள் நானில்லை. 2003இல் உலோகமே இல்லாமல் சுசுகி நடக்கிறது என்று சொன்ன குழு, கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டில் 50 பிபிபி (நூறு கோடியில் 50 பங்கு) அளவில் இருந்த பல்லேடியம்தான் காரணம் என்று 2005இல் தாங்களே எழுதினார்கள். 2009இல் வேதியியலாளர்கள் புக்வால்டும் போல்மும், ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பு செய்ததாக நினைத்த சில வினைகளை அதில் கலந்திருந்த செம்பு செய்திருக்கலாம் என்று காட்டினார்கள். இதெல்லாம் முதல் வருடமே நான் படித்ததுதான். படித்து, அடிக்கோடும் போட்டிருந்தேன்.

பேப்பரை நாங்களே திரும்பப் பெற்றோம். புது பீடு, புதுக் குடுவை, 99.99 சதவீத ஃபெரிக் குளோரைடு என்று திரும்பச் செய்தபோது அந்த வினைக்கு என் இரும்பு ஒன்றுமே செய்யவில்லை. ஏழு மாதம் போயிற்று. அப்புறம் கிரிக்னார்டு (மெக்னீசியம் சேர்ந்த கரிமச் சேர்மம்) வைத்துச் செய்யும் இணைப்புப் பக்கம் திரும்பினேன். இரும்பு அங்கே வேலை செய்யும் என்று வேதியியலாளர் கோச்சி 1971லேயே காட்டியிருக்கிறார். 64 சதவீதம்தான் வந்தது, ஆனால் பிளாங்க் மூன்று முறையும் பூஜ்யம். 87 வந்த அன்றுகூட இவ்வளவு நிம்மதியாகத் தூங்கியதில்லை.

வைவாவில் வெளித் தேர்வாளர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார், இது இரும்புதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று. பிளாங்க் மட்டும் பதினோரு வரிசை இருந்த அட்டவணையைக் காட்டினேன். ஒவ்வொரு வரிசையிலும் பீடு புதிதா பழையதா என்று ஒரு கட்டம். அவர் விரலை வைத்துக் கடைசி வரி வரை படித்துவிட்டு, பக்கத்தைத் திருப்பி அடுத்த கேள்விக்குப் போனார்.