நரைத்த முகத்து நாயை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்

ஏழெட்டு வயதான நாயைத் தத்தெடுத்தவர்கள் சொல்லும் புகார்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான்: தொட்டால் உறுமுகிறது, ராத்திரி உலாத்துகிறது, கூப்பிட்டால் வருவதில்லை, ஹாலிலேயே மூத்திரம் போகிறது. இதைக் குணக்கேடு என்று முடிவுகட்டி, இரண்டே வாரத்தில் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். வயதான நாயிடம் வருகிற மாற்றத்துக்கு முதலில் உடம்பைத்தான் சோதிக்க வேண்டும். பயிற்சி அதற்கப்புறம்.

இங்கே தென்னாப்பிரிக்காவில் எஸ்பிசிஏ என்ற விலங்குவதைத் தடுப்புச் சங்கத்திலிருந்து எடுப்பதானால் விண்ணப்பம் கொடுத்த பிறகு வீட்டைப் பார்க்க ஆள் வருவார்கள். மதிலில் சந்து இருந்தால் அவர்கள் வருமுன் அடைத்துவிடுங்கள். வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் அதையும் கூட்டிப்போய் இரண்டையும் அங்கேயே பார்க்க வையுங்கள்.

வந்த வாரத்திலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். எடை, இதயம், ரத்தம், சிறுநீர் இவற்றோடு வாயையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வாய் நாறுவது வயதானால் சகஜம் என்று விட்டுவிடக் கூடாது. ஒரே பக்கமாக மெல்லுவதும், வாயில் எடுத்த தீனியைக் கீழே போட்டுவிட்டு மறுபடி எடுப்பதும் பல்வலியின் அடையாளம். பல் சுத்தம் செய்ய மயக்க மருந்து தேவைப்படும். வயதை மட்டும் காரணம் காட்டி அதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் செய்யலாம். சொத்தைப் பல் போனதும் நாய் தட்டைக் காலி செய்வதைப் பார்த்தால் எவ்வளவு வலி பொறுத்திருந்தது என்று புரியும்.

அடுத்து மூட்டு. படுத்திருக்கும் நாய் எழும்போது பக்கத்திலிருந்து பாருங்கள். முன்னங்காலை ஊன்றி, பின்பக்கத்தை இழுத்து, ஒரு நொடி நின்று, அதன் பிறகு நடந்தால் இடுப்பிலோ முழங்காலிலோ தேய்மானம் இருக்கலாம். பக்கியில் (பிக்கப் வண்டியில்) ஏறத் தயங்குவதும், ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருப்பதும் அப்படித்தான். அந்த நாயின் இடுப்பில் குழந்தை சாய்ந்தால் உறுமத்தான் செய்யும். நம் வீடுகளின் வழவழப்பான டைல்ஸ் தரை இதை இன்னும் மோசமாக்கும். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து வாசல் வரை, அடியில் ரப்பர் வைத்த பாய்களை இடைவெளி விடாமல் விரியுங்கள். நடக்கும்போது நகம் டைலில் டக் டக்கென்று கேட்டால் நீளமாகிவிட்டது, வெட்டுங்கள். கையால் தடவினால் விலா எலும்பு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் எடையைக் குறைப்பதே முதல் மருந்து. ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் இரண்டு மணி நேரம் ஓட விடுவதைவிட, தினமும் காலையும் மாலையும் பதினைந்து நிமிடம் நடப்பது நல்லது.

வலிக்கிறதே என்று நாம் போடும் பனாடோவோ (பாரசிட்டமால்) ஐபுப்ரோஃபெனோ கொடுக்கவே கூடாது. ஐபுப்ரோஃபென் வயிற்றில் புண் உண்டாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாய்களுக்கென்றே வலி மருந்து இருக்கிறது. மருத்துவர் சொன்ன அளவில்தான் கொடுக்க வேண்டும்.

கண்ணில் நீலப்புகை போலத் தெரிவதெல்லாம் கண்புரை அல்ல. வயதில் லென்ஸ் இறுகுவதாலும் அப்படித் தெரியும், பார்வை அவ்வளவாகக் கெடாது. காது மந்தமான நாயைத் தூங்கும்போது தொடாதீர்கள். தரையைத் தட்டி அதிர்வால் எழுப்புங்கள்.

வீட்டுக்குள் மூத்திரம் போனால் திட்டும் முன் தண்ணீரை அளந்து பாருங்கள். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலை மிச்சத்தைக் கழியுங்கள். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது 10 கிலோ நாய் ஒரு நாளில் ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால் சிறுநீரகமோ சர்க்கரையோ ஹார்மோனோ காரணமாக இருக்கலாம். அந்தக் கணக்கை எழுதிக் கொண்டுபோனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

நம் குவாசுலு நட்டால் மாகாணத்தில் வெறிநாய்க்கடி நோய் இருந்துகொண்டே இருக்கிறது. தடுப்பூசி போடுவது சட்டப்படியே கட்டாயம். பழைய அட்டை கைக்கு வரவில்லையென்றால் போடாத நாய் என்றே வைத்துத் தொடங்குங்கள். இன்னொரு ஆபத்து உண்ணி. இங்கே எல்லோரும் பிலியரி என்று சொல்லும் நோய் அதன் கடியால் வருகிறது. நாய் சோர்ந்து படுத்தால் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால், அல்லது மூத்திரம் கறுப்புத் தேநீர் நிறத்தில் இருந்தால், விடியும் வரை காத்திருக்காதீர்கள், அன்றிரவே கொண்டுபோங்கள். மாத மாத்திரையோ பன்னிரண்டு வார மாத்திரையோ தவறாமல் கொடுத்தால் உண்ணி கட்டுப்படும். முன்பு வலிப்பு வந்த நாயாக இருந்தால் அதைச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

தீனியை ஏழு முதல் பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள்: முதலில் புதியது கால் பங்கு, பிறகு பாதி, பிறகு முக்கால். பல் போன நாய்க்கு வெந்நீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம். சோறும் பருப்பும் மிச்சமிருந்தால் தட்டில் போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. வெங்காயமும் பூண்டும் வெந்தாலும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சோகை பல நாள் கழித்துத்தான் தெரியும். ஆட்டுக்கறிக் குழம்பின் எலும்பும் மாங்கொட்டையும் வேண்டவே வேண்டாம். புரட்டாசியில் வீடு முழுக்கச் சைவமாக இருக்கும் மாதத்திலும் நாய்க்கு அதன் வழக்கமான தீனியே இருக்கட்டும். விரதம் நமக்குத்தான்.

தீபாவளியும், கை ஃபாக்ஸ் தினமான நவம்பர் 5 அன்று வெடிக்கும் பட்டாசும் கிட்டக் கிட்ட வருவதால் சில வாரங்கள் முன்னதாகவே மருத்துவரிடம் பேசுங்கள். உடம்பை மட்டும் தளரவைக்கும் மருந்து போதாது, பயத்தைக் குறைப்பது வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். அசைய முடியாமல் கிடக்கும் நாய்க்குச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். தெருப்பக்கம் இல்லாத அறையில் திரையை இழுத்து, வானொலியை ஓடவிட்டு, ஒருவர் கூடவே உட்காருங்கள். கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் இருக்கட்டும். மைக்ரோசிப்பில் பழைய வீட்டின் எண்ணை மாற்றினீர்களா என்று பாருங்கள். அந்த இரவுகளில் மூத்திரம் போகக்கூட, முற்றத்துக்குள்ளேயே ஆனாலும், கயிற்றைப் பிடித்துத்தான் வெளியே விட வேண்டும்.