29ஆம் பிரிவும் கோடீஸ்வரன் வழக்கும்

பிரித்தானியர் இலங்கைக்கு வழங்கிய அரசியல் யாப்புகளில் நான் அடிக்கடி எடுத்து வாசிப்பது சோல்பரி யாப்பு. 1931இல் நடைமுறைக்கு வந்த டொனமூர் யாப்பு இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நீக்கி, வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமையைத் தந்தது. 1946 மே மாதம் மன்னரின் கட்டளையாகப் பிறப்பிக்கப்பட்ட சோல்பரி யாப்போ, பெரும்பான்மையின் வாக்குப் பலத்துக்கு ஓர் எல்லை வகுக்க முயன்றது. அந்த எல்லைதான் 29ஆம் பிரிவு.

நாட்டின் அமைதிக்கும் ஒழுங்குக்கும் நல்லாட்சிக்கும் சட்டமியற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கு அளிக்கும் அப்பிரிவு, அடுத்த உட்பிரிவிலேயே அந்தக் கையைப் பிடித்து நிறுத்துகிறது. ஒரு சமூகத்தவருக்கோ மதத்தவருக்கோ மற்றவர்க்கு இல்லாத தடையை விதிக்கக் கூடாது. மற்றவர்க்குக் கிட்டாத சலுகையை வழங்கவும் கூடாது. மீறி இயற்றப்படும் சட்டம், மீறிய அளவுக்குச் செல்லாது. முதன்முறை வாசித்தபோது, இவ்வளவு தெளிவான சொற்கள் இருந்துமா அத்தனையும் நடந்தது என்ற வேதனையே எனக்கு எழுந்தது.

முதல் சோதனை மலையகத் தமிழரின் வாக்குரிமையில் வந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் சேர்ந்து அவர்களில் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின. இதை எதிர்த்த கோடக்கன்பிள்ளை வழக்கு, அன்று இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இலண்டனில் இருந்த கோமறைக் கழகம் (Privy Council) வரை சென்றது. தன் குடிமக்கள் யாரென்று தீர்மானிப்பது எந்த நாட்டின் சட்டமன்றத்துக்கும் இயல்பான பணியே என்று 1953இல் அது தீர்ப்பளித்தது. சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை என்பது உண்மை. ஆனால் யாருடைய வாக்கு பறிபோனது என்பதைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். அந்தத் தீர்ப்பை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

கோடீஸ்வரன் வழக்கு இதைவிட நுட்பமானது. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்கியது. அரச எழுதுவினைஞர் சேவையிலிருந்த கோடீஸ்வரன் என்ற தமிழர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்கு அமர மறுத்ததால், 1962இல் அவருக்குரிய ஆண்டுச் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. ஓர் எழுதுவினைஞரின் சிறு சம்பள உயர்வுதான், ஆனால் அதைக் கேட்டு அவர் வழக்குத் தொடுத்தபோது மொழிச் சட்டமே நீதிமன்றத்தில் நிற்க வேண்டியதாயிற்று. 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அச்சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது, ஆகவே செல்லாது என்று தீர்த்தது. உயர் நீதிமன்றம் 1967இல் மொழிக் கேள்விக்குள் நுழையாமல், அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று கூறி அத்தீர்ப்பை மாற்றியது. 1969இல் கோமறைக் கழகம், வழக்குத் தொடுக்கலாம் என்று சொல்லி, அரசியலமைப்புக் கேள்வியை ஆராயும்படி வழக்கை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது.

இடையில், 1964ஆம் ஆண்டின் ரணசிங்க வழக்கில் இதே கோமறைக் கழகம், இலங்கைக் குடிமக்கள் தமக்குள் யாப்பை ஏற்றுக்கொண்டதற்கான அடிப்படை நிபந்தனை 29(2) என்றும், அது மாற்ற முடியாதது என்றும் கூறியிருந்தது. தீர்ப்பின் முடிவுக்கு அவசியமில்லாத கருத்துரைதான். ஆயினும் அந்தச் சொற்களைத் தமிழ்த் தலைமை இறுகப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை.

மாற்ற முடியாததை மாற்ற வேண்டியிருக்கவில்லை. 1970இல் ஆட்சிக்கு வந்த அரசு, சோல்பரி யாப்புடனான சட்டத் தொடர்பை அறுப்பதற்காகவே நாடாளுமன்றக் கட்டடத்தைத் தவிர்த்து, கொழும்பு நவரங்கஹல மண்டபத்தில் அரசியல் நிர்ணய சபையைக் கூட்டியது. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே 22 அன்று பிரகடனமான குடியரசு யாப்பில் அடிப்படை உரிமைகள் பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. 29ஆம் பிரிவு இல்லை. சிங்களம் அரசகரும மொழி என்பது யாப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது.

திருப்பி அனுப்பப்பட்ட கேள்வியை உயர் நீதிமன்றம் அதற்குள் தீர்த்திருக்கவில்லை. மொழிச் சட்டம் 29ஆம் பிரிவை மீறியதா என்பதற்கு அந்த வழக்கில் நேராக விடை சொன்னது, 1964இல் மாவட்ட நீதிபதி எழுதிய தீர்ப்பு மட்டுமே.